மணிக்கூட்டுக்காரர் செய்த மாயம்

மின்காந்தம் பற்றிய பாடத்தை ஆரம்பிக்கும்போது மாணவருக்கு ஒரு கதை சொல்வது என் நெடுநாளைய வழக்கம். மேடையிலே ஒரு சிறு பெட்டி. குழந்தையும் அதை ஒரு கையால் தூக்கிவிடும். அடுத்த கணம் அரங்கிலுள்ள பெரும் பலசாலி இரு கைகளாலும் பற்றி இழுத்தும் அது இம்மியளவும் அசையாது. பெட்டியின் அடியில் இரும்புத் தகடு. மேடைக்குக் கீழே மின்காந்தம். மறைவிலே ஓர் ஆள் மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் கொண்டிருக்கிறான். இந்த விந்தைப் பெட்டியைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்றும், அதனைக் கொண்டு அவர் வட ஆபிரிக்காவில் மூடநம்பிக்கையை முறியடித்தார் என்றும் சொல்லி முடிப்பேன். மாணவர் சிரிப்பர். பாடமும் மனத்திற் பதிந்துவிடும்.

ஒருமுறை பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, பெட்டியைத் தூக்க முடியாமற் போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. பாடத்துக்குப் புறம்பான கேள்வி என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை இருக்க விடவில்லை. அதன் பின்னரே றொபேர்-ஹூடன் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை முழுமையாகத் தேடிப் படித்தேன்.

ஹூடினி என்ற பெயரை அறியாதவர் சிலரே. விலங்குகளையும் பூட்டுகளையும் உதறிக்கொண்டு வெளிவந்த அமெரிக்க வித்தகர் அவர். 1874இல் புடாபெஸ்டில் பிறந்தவர். எரிக் வைஸ் என்பது அவர் இயற்பெயர். சிறுவயதில் றொபேர்-ஹூடனின் சுயசரிதத்தைப் படித்து, அதிற் சொக்கிப்போய், அப்பெயரின் பிற்பாதியோடு ஓர் இகரத்தைச் சேர்த்துத் தம் பெயராக்கிக்கொண்டார். பின்னர் அதே ஹூடினி, 1908இல், தம் மானசீக குருவைப் பிறர் வித்தைகளைத் திருடியவர் என்று தூற்றி ஒரு நூலையே எழுதினார். குருவை வணங்கிய கையாலேயே குருவைக் கல்லால் எறிந்த கதை அது. அந்நூலின் குற்றச்சாட்டுகளிற் பல மிகையானவை என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு.

றொபேர்-ஹூடன் பிரான்சிலே லுவார் நதிக்கரையிலுள்ள புளுவா நகரில் 1805 டிசம்பரில் பிறந்தார். ஷான் யூஜேன் றொபேர் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் மணிக்கூடு செய்பவர். சக்கரங்களும் வில்லுகளும் அரங்களும் நிறைந்த பட்டறையிலேயே பிள்ளை வளர்ந்தது. ஆயினும் தந்தையார் மகனைத் தம் தொழிலுக்கு விட விரும்பவில்லை. கைத்தொழிலாளியின் பிள்ளை கறுப்பு அங்கி அணியும் உத்தியோகத்தனாக வேண்டும் என்ற ஆசை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மகன் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞனாக அனுப்பப்பட்டான். அழகிய கையெழுத்து இருந்ததால் வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த இளைஞன் உறுதிகளைப் பெயர்த்தெழுதுவதை விட்டு, அங்கிருந்த குருவிக்கூட்டுக்குப் புதுப்புது இயந்திரங்களைப் பொருத்துவதிலேயே காலங்கழித்தான். நொத்தாரிசு நல்ல மனிதர். பையனின் கை வேறு தொழிலுக்கு உரியது என்று தந்தைக்குப் புத்தி சொன்னார். இவ்வாறு அவர் மணிக்கூட்டுத் தொழிலுக்கே திரும்பி, உறவினர் ஒருவரிடம் தொழில் பயிலலானார்.

அவ்வேளையில் நிகழ்ந்ததாக அவர் கூறும் ஒரு சம்பவம் அழகானது. பெர்த்தூ என்பவர் மணிக்கூட்டுக் கலை பற்றி எழுதிய நூலை வாங்க விரும்பிப் புத்தகக் கடைக்குப் போனாராம். கடைக்காரர் அவசரத்தில் வேறு இரண்டு தொகுதிகளைப் பொதிந்து கொடுத்துவிட்டார். இரவு மெழுகுதிரி வெளிச்சத்திற் பிரித்துப் பார்த்தால், விஞ்ஞான வேடிக்கைகளும் செப்பிடு வித்தைகளும் அடங்கிய நூல். அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பாத ஆணி அகற்றும் தொழில் செய்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பணங் கொடுத்துப் பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்றார். புத்தகத்தை வாசித்துக்கொண்டே நான்கு பந்துகளை வானில் நிறுத்தும் அளவுக்குக் கை பழகிற்று என்பர். சட்டைப் பையினுள்ளே விரல்களை ஓயாது பழக்கிக்கொண்டு தெருவிலே நடந்து திரிந்த இளைஞரை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்ததுண்டு.

1830இல் பரிஸ் நகரத்து மணிக்கூட்டு வணிகர் ஒருவரின் மகளான செசீல் ஹூடனை மணந்தார். மனைவி குடும்பத்துப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். மாமனாரின் கடையில் வேலை செய்தவாறே தாமாக இயங்கும் பாவைகளைச் செய்தார். எழுதவும் படம் வரையவும் வல்ல ஒரு பாவை 1844ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சியில் லூயி பிலிப் மன்னரின் முன் இயங்கி, அவருக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தது. இதற்கு முந்திய ஆண்டில் மனைவி இறந்துபோனார். எட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் மூவரே எஞ்சினர். இத்துயரத்தைப் பற்றி அவர் அதிகம் எழுதியவரல்லர். அடுத்த ஆண்டு மறுமணம் செய்தார்.

1845 ஜூலை 3ஆம் திகதி பலே ருவாயால் என்ற அரண்மனைக் கட்டடத்து மாடியொன்றில் அவர் தமது சிறிய அரங்கைத் திறந்தார். ஏறத்தாழ இருநூறு பேர் இருக்கலாம். வயது முப்பத்தொன்பது. அன்றிரவு நடுக்கத்தால் சொற்கள் குழறின; வித்தைகள் அரைகுறையாய் முடிந்தன. மறுநாள் அரங்கைப் பூட்டிவிடலாம் என்று எண்ணியவர் பின்னர் மனந்தேறினார்.

அந்த மேடையில் அவர் செய்த மாற்றத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதுகாறும் ஐரோப்பிய வித்தைக்காரரிற் பலர் நட்சத்திரங்களும் குறிகளும் தீட்டிய நீள் அங்கியும் கூர்த்தொப்பியும் அணிந்து மந்திரவாதியின் வேடத்திலே தோன்றினர். மேசைகளைத் தரையளவும் துணியால் மூடியிருப்பர்; துணிக்குள்ளே ஓர் உதவியாள் பதுங்கியிருப்பான். றொபேர்-ஹூடன் அத்துணிகளை அகற்றினார். மெல்லிய கால்களையுடைய மேசைகள், நல்ல விளக்கொளி, பிரபுவின் வரவேற்பறை போன்ற அரங்கு. அவரும் விருந்துக்குச் செல்லும் கனவானின் கறுப்பு உடையிலே வந்து நின்றார். இதில் அவரே முதல்வர் என்பது மிகை. ஆனால் இதனை நிலையான மரபாக்கியவர் அவரே. இன்றும் மாயவித்தைக்காரர் என்றதும் நம் கண்முன் தோன்றும் அந்தக் கறுப்பு உடை அவர் விட்டுச் சென்றது.

இது வெறும் உடை மாற்றமன்று. மாந்திரீகம் என்பதும் மாயவித்தை என்பதும் ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒரே கயிற்றின் இரு புரிகளாய் இருந்தன. 1584இல் இறெஜினால்ட் ஸ்கொட் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரிகள் என்று ஏழைக் கிழவிகளைத் துன்புறுத்துவதைக் கண்டித்து எழுதிய நூலிலே, பந்தையும் காசையும் மறைக்கும் கைவித்தைகளையும் விளக்கவேண்டியதாயிற்று. கண்ணை ஏமாற்றுவது கையே, பேயன்று என்று காட்டினாலன்றிக் கிழவிகளைக் காப்பாற்ற முடியாதென்பது அவர் கருத்து. பிரான்சில் 1682ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னரின் கட்டளை சூனியத்தைப் பெரும்பாலும் ஏமாற்று என்ற குற்றமாக்கிவிட்டது. நமது மொழியிலும் வித்தை என்ற சொல் கல்வியையும் குறிக்கும், கண்கட்டையும் குறிக்கும். செப்பிடு வித்தை என்ற பெயரோ, செப்புக் கிண்ணங்களை மூடித் திறந்து காட்டும் கைத்திறனை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. றொபேர்-ஹூடன் இந்த நேர்மையைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். நான் உங்களை ஏமாற்றப் போகிறேன், நீங்கள் விரும்பி ஏமாறப் போகிறீர்கள் என்ற உடன்பாடு அது. மாயவித்தைக்காரன் என்பவன் மந்திரவாதியாக நடிக்கும் நடிகனே என்பது அவருடைய கொள்கை. இதனைப் பிற்காலத்தில் தமது தொழில்நூலிலும் எழுதிவைத்தார். அந்த வரம்பு நம் நினைவில் நிற்கட்டும். கதை அங்கேயே திரும்ப வரும்.

1846இல் தம் மூத்த மகன் எமிலை மேடையிலே கண்ணைக் கட்டி இருத்தி, சபையோர் கையிலுள்ள பொருள்கள் எவை என்று சொல்லவைத்தார். மறைமொழி ஒன்றை இருவரும் பயின்றிருந்தனர். அதைவிட முக்கியமாக, தெருவிலே கடைகளைக் கடந்து செல்லும்போது ஒரே பார்வையில் எத்தனை பொருள்களை மனத்திற் கொள்ளலாம் என்று தந்தையும் மகனும் போட்டியிட்டுப் பழகியிருந்தனர். ஞாபகசக்தி பற்றிப் பேசும் ஆசிரியர்கள் இதனை மாணவருக்குச் சொல்லலாம்.

மறு ஆண்டு இளைய மகன் யூஜேனை அந்தரத்திலே மிதக்கவிட்டார். ஈதர் என்னும் மயக்கமருந்து சத்திரசிகிச்சையில் வெற்றியாகப் பயன்பட்ட செய்தி 1846இல் வெளிவந்து ஐரோப்பா எங்கும் அதே பேச்சாயிருந்தது. றொபேர்-ஹூடன் அப்பேச்சைப் பிடித்துக்கொண்டார். ஈதரை மிகையாக முகர்ந்தால் உடல் காற்றிலும் இலேசாகிவிடும் என்று பெரிய பண்டிதரைப் போல விளக்கி, மகனுக்கு ஒரு வெறும் போத்தலை முகரக் கொடுப்பார். திரைக்குப் பின்னால் ஒருவர் உண்மையான ஈதரைச் சூடான இரும்பிலே ஊற்றுவார். மணம் அரங்கை நிறைக்கும். பின்னர் ஒரே கோலில் முழங்கை மட்டும் ஊன்றியிருக்க, பிள்ளை படுத்தவண்ணம் மிதப்பான். பெற்ற பிள்ளைக்கு இப்படி மருந்து கொடுக்கலாமா என்று சபையோர் கடிதம் எழுதினர். அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

இந்த வித்தையின் பூர்வீகம் நம் பக்கத்தது. 1830ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் சேஷால் என்று ஆங்கிலேயர் குறித்துவைத்த பிராமணர் ஒருவர், கோல் ஒன்றின் மேல் ஒரு கையை ஊன்றி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். படத்துடன் வெளியான அச்செய்தி ஆங்கிலப் பத்திரிகை மூலம் பரவிற்று. சேஷால் அதைத் தவவலிமைபோற் காட்டினார். பிரெஞ்சுக்காரர் இரசாயனம்போற் காட்டினார். இருவர் உடைக்குள்ளும் இருந்தது இரும்புச் சட்டமே. இராமோ சாமி என்று இலண்டனில் அறியப்பட்ட இந்திய வித்தைக்காரரோ ஒருகாலத்தில் அந்நகரையே மயக்கிவிட்டு 1850இல் வறுமையில் இறந்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியால் பரிஸ் அரங்குகள் வெறிச்சோடியபோது றொபேர்-ஹூடனும் இலண்டனுக்குத்தான் போனார். விக்டோரியா அரசியின் முன் வித்தை காட்டிக் கை நிறையப் பணத்துடன் திரும்பினார்.

1852இல் அரங்கை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டுப் புளுவாவின் அயலில் ஒரு வீட்டில் ஓய்வு பெற்றார். வெளிவாயிற் கதவு மின்சாரத்தால் திறந்தது. ஆள் வந்ததை மணி அறிவித்தது. வீட்டு மணிக்கூடுகள் எல்லாம் ஒரு மணிக்கூட்டுக்கு அடங்கி ஓடின. குதிரைக்குத் தீனியும் குறித்த நேரத்தில் தானே விழுந்தது. இந்த ஓய்விலிருந்துதான் அரசாங்கம் அவரை அழைத்தது.

பிரான்ஸ் 1830இல் அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தது. அப்துல் காதிர் என்ற பெருந்தலைவர் நெடுங்காலம் போராடி 1847இற் சரணடைந்தார். ஆயினும் மலைநாட்டுக் கபீலியர் அடங்கவில்லை. மராபு என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த சமயப் பெரியார்கள் அங்கு மதிப்புடன் விளங்கினர். நம்மூரில் அவுலியாக்களுக்கு உள்ள மதிப்பைப் போன்றது அது. துப்பாக்கிக் குண்டு தங்களைத் தீண்டாது என்றும், பாம்பும் நெருப்பும் கண்ணாடித் துண்டும் தீங்கு செய்யா என்றும் அவர்களுட் சிலர் காட்டி மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகிறார்கள் என்பது ஆட்சியாளரின் கவலை. பிரெஞ்சு மந்திரம் அரபு மந்திரத்திலும் வலியது என்று காட்டிவிட்டால் ஒரு படைப்பிரிவு மிச்சமாகும் என்று கேணல் த நெவு என்பவர் கருதினார். 1856இல் றொபேர்-ஹூடன் மனைவியுடன் கப்பலேறினார்.

அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் அல்ஜியர்ஸ் அரங்கிலே தலைவர்கள் திரட்டி இருத்தப்பட்டனர். சுற்றிலும் படை அதிகாரிகளும் மொழிபெயர்ப்பாளரும். தொப்பியிலிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்தன. பிறகு பெட்டி வந்தது. பரிசிலே அந்தப் பெட்டி ஒரு வேடிக்கை. அங்கே வித்தைக்காரரின் சொல்லுக்குப் பெட்டி பாரமாயிற்று. அல்ஜியர்சில் அவர் சொல்லை மாற்றினார். பெட்டி பாரமாகும் என்று சொல்லவில்லை. உன் பலத்தைப் பறித்துவிடுவேன் என்றார். ஒரு வலிய மனிதன் வந்து இழுத்து இழுத்துத் தோற்றான். பின்பு கைப்பிடி வழியாக மின் அதிர்ச்சி பாய, அலறி மண்டியிட்டு, கையை விடுவித்துக்கொண்டு முகத்தை மூடியபடி ஓடினான். இறுதியில் ஓர் இளைஞனை மேசைமீது நிறுத்திப் பெருங்கூம்பால் மூடி மறையச் செய்தபோது சபை நிலைகுலைந்து வாயிலை நோக்கி நெருக்கியடித்தது. மறைந்தவன் வெளியே வாயிலிலே நின்றான்.

முந்திய காலத்தில் நான் வகுப்பிலே சிரித்துச் சொன்ன கட்டம் இதுதான். இரண்டாம் முறை படித்தபோது அந்த வலிய மனிதனின் கைதான் என் கண்முன் நின்றது. பரிசில் பெட்டியைத் தூக்க முடியாதவன் சிரித்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பினான். அவன் கட்டணம் கொடுத்து ஏமாற வந்தவன். அல்ஜியர்சில் ஏமாற வந்தவர் எவருமிலர். அவர்கள் அழைத்து வரப்பட்டவர்கள், ஊரை இழந்தவர்கள். நடிகன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அன்று ஒரு மாலைப்பொழுதுக்கு உண்மையான மந்திரவாதியாகவே நின்றார். பின்னர் மொழிபெயர்ப்பாளர் மூலம் யாவும் கைத்திறனே என்று விளக்கப்பட்டதாக அவர் எழுதுகிறார்; அதனைப் படித்து ஓரளவு ஆறுதலடைந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அச்சம் தன் வேலையைச் செய்து முடித்த பிறகே விளக்கம் வந்தது.

உள்நாட்டுப் பயணத்தில் மராபு ஒருவர் துப்பாக்கியால் சுடுவேன் என்று அவரை அறைகூவினார். மறுநாட் காலைவரை தவணை கேட்டு, இரவிலே மெழுகையும் புகைக்கரியையும் உருக்கிக் குண்டுபோல் வார்த்தார்; இன்னொன்றினுள்ளே தம் விரலைக் குத்திய இரத்தத்தை நிரப்பினார். காலையில் மராபு சுட்ட குண்டு அவர் பற்களிடையே காணப்பட்டது. அவர் சுவரிலே சுட்ட இடத்தில் இரத்தம் வழிந்தது. துணிவுக்குக் குறைவில்லை. தனிமையில், வேற்றூரில், உயிரைப் பணயம் வைத்து அந்நேரத்திலே சிந்தித்த மூளையை வியவாமல் இருக்க முடியாது. இசாவிய்யா என்ற கூட்டத்தார் தேள் விழுங்குவதையும் கண்ணாடி தின்பதையும் அருகிருந்து பார்த்து, அவற்றின் சூட்சுமத்தையும் அவர் விளக்கி எழுதினார்.

தலைவர்கள் முத்திரைகள் இட்ட அலங்காரப் பத்திரம் ஒன்றை அவருக்கு வழங்கினர். மனப்பூர்வமாகவா, அதிகாரிகள் பார்த்திருக்கவா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அல்ஜீரியாவில் நடந்தவற்றை நாம் பெரும்பாலும் அவர் வாயாலேயே அறிகிறோம். 1858இல் வெளியான அந்தச் சுயசரிதத்திலே தமக்கு வித்தை கற்பித்த தொரினி என்ற கிழவித்தகரைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். அப்படி ஒருவர் இருந்ததேயில்லை, அது அவர் கற்பனை என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் துணிபு. புத்தகக் கடைக் கதைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மாயவித்தைக்காரரின் சுயசரிதத்தை வாசிப்பவன் அவர் மற்றக் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவியின் கேள்விக்கு இனி வரலாம். பெட்டிக்கு மறு ஆண்டு, 1857இல், மார்ஷல் றாந்தோனின் பெரும் படை கபீலிய மலைகளிற் புகுந்து ஊர் ஊராக வென்றது. எதிர்த்து நின்றவர்களுள் லல்லா பத்மா என்ற பெண் தலைவியும் ஒருவர். அவர் அவ்வாண்டே சிறைப்பட்டார். வித்தை ஒரு படைப்பிரிவையும் மிச்சமாக்கவில்லை. மலைகளை வென்றது பீரங்கிதான்.

றொபேர்-ஹூடனின் கடைசி வருடங்கள் எழுத்திலும் ஆராய்ச்சியிலும் கழிந்தன. சூதாடிகளின் சீட்டுமோசடிகளை வெளிப்படுத்தி 1861இல் ஒரு நூல். மாயவித்தையின் தொழில் நுட்பம் பற்றி 1868இல் இன்னொன்று. கண்ணை ஆராய்வதற்கும் சில கருவிகள் அமைத்தார். ஆயுள் முழுவதும் பிறர் கண்ணை மறைத்தவர் முதுமையிலே கண்ணுக்குள் நோக்க விரும்பினார் போலும்.

1870இல் ஜெர்மானியருடன் போர் மூண்டது. ஈதர் மணத்திலே அந்தரத்தில் மிதந்த யூஜேன், அப்போது சுவாவுப் படையில் கப்டன். வட ஆபிரிக்கப் போர்களிலே பிறந்து, அந்நாட்டு உடையையே சீருடையாகக் கொண்ட படை அது. ஆகஸ்ட் 6ஆம் திகதி வோர்த் போர்க்களத்திற் படுகாயமடைந்து சில நாட்களில் இறந்தார். பின்னர் பகைவர் படை புளுவாவுக்கே வந்தது. முதியவர் அந்தத் துயரத்திலிருந்து எழவில்லை. நிமோனியாக் காய்ச்சலால் 1871 ஜூன் 13ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு மார்ச்சில் அல்ஜீரியாவில் மொக்றானி என்ற தலைவரின் கீழ்ப் பெருங்கிளர்ச்சி மூண்டிருந்தது. அவர் கண்மூடியபோது கபீலிய மலைகள் எரிந்துகொண்டிருந்தன. கிளர்ச்சி அடக்கப்பட்டது, பெருநிலங்கள் பறிக்கப்பட்டன, பலர் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அந்நாடு விடுதலை பெற்றது 1962இல்.

அவர் பெயர் தாங்கிய அரங்கைப் பின்னர், 1888இல், ஜோர்ஜ் மெலியே என்பவர் வாங்கினார். மாயவித்தைக்காரரான மெலியே 1896 முதற் சினிமாப் படம் எடுக்கலானார். 1902இல் சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய படம் அவருடையதே. மறைவதும் தோன்றுவதும் மேடையிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்தது அந்த அரங்கு வழியாகத்தான். புளுவா நகரில் 1998இல் திறக்கப்பட்ட மாயவித்தை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.

பெட்டிக் கதையை நான் இப்போதும் வகுப்பிற் சொல்கிறேன். இரும்புத் தகட்டையும் காந்தத்தையும் வரைந்த பிறகு 1857, 1871 என்ற இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். அதனால் பாடம் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிவதில்லை. கேள்வி கேட்ட மாணவிக்கு விடை சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.